விசைத்தறித் தெருவில் மைக்ரோரேடியன்: லேசர் பட்டைகளை வைத்துச் சிறு திருப்பத்தை அளப்பது எப்படி?

நகரிப்பையன் · பதிவு 1

வணக்கம். எனக்கு ஊர் நகரி. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இப்போதைக்கு வீட்டோடு இருக்கிறேன். பகலில் அப்பாவுக்குத் தறிக்கணக்கு எழுதுகிறேன், இரவானால் பின்கட்டு அறையில் இந்த வேலை.

ஒரு ஈயக்குண்டு இன்னொன்றை ஈர்ப்பதை அளந்து கேவண்டிஷ் 1798-ல் வெளியிட்ட சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டும் என்று கல்லூரி நாளிலிருந்தே ஆசை. 10 செமீ குச்சியின் இரு முனையிலும் 10 கிராம் ஈயக்குண்டு. அதை 30 செமீ நீளமுள்ள 0.1 மிமீ ஸ்டீல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். இழுப்பதற்கு 1.5 கிலோ ஈயக்குண்டுகள் இரண்டு. பெரிய குண்டுக்கும் சின்னக் குண்டுக்கும் மையத்துக்கு மையம் 45 மிமீ. குச்சி ஒருமுறை முறுகித் திரும்ப 28 நொடி ஆகிறது.

வழக்கமாக இதைவிட மெல்லிய கம்பி போடுவார்கள், அலைவு நேரம் பல நிமிடம் வரும். எங்கள் தெருவில் பல நிமிடம் ஒன்றும் அசையாமல் இருக்கும் நேரமே கிடையாது. இரண்டு பக்கமும் பவர்லூம் ஷெட்டு, கொஞ்சம் தள்ளி ரேணிகுண்டா ரயில் பாதை. அதனால்தான் விறைப்பான கம்பி. ஆனால் விறைப்பான கம்பி கொஞ்சமாகத்தான் முறுகும். பெரிய குண்டுகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றினால் கணக்குப்படி மொத்தமே 38 மைக்ரோரேடியன் (ஒரு ரேடியன் சுமார் 57 பாகை, மைக்ரோ அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு).

முதலில் குச்சியின் நடுவில் சின்னக் கண்ணாடி ஒட்டி, லேசரை அதில் பட வைத்து 5 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் புள்ளியைப் பார்த்தேன். 38 மைக்ரோரேடியனுக்குப் புள்ளி 0.38 மிமீ நகர வேண்டும். புள்ளியின் அகலமோ 3 மிமீ. ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் மைக்கல்சன் அமைப்புக்குப் போனேன். ஒரு கற்றையை இரண்டாகப் பிரித்து, இரண்டு கண்ணாடியில் பட்டுத் திரும்ப வைத்து மறுபடி சேர்த்தால், பாதை வேறுபாட்டுக்கு ஏற்ப வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் வரும், நகரும். குப்பத்திலிருந்து வந்த கிரானைட் பலகை, அடியில் ஸ்கூட்டர் டியூப், மேலே கற்றையைப் பிரிக்கும் பீம் ஸ்ப்ளிட்டர். ஒரு கண்ணாடி பலகையில், இன்னொன்று குச்சியின் ஒரு முனையில். பட்டைகள் அழகாக வந்தன, ஆனால் ஒரு கணமும் நிற்கவில்லை. ஆடிக்காற்றில் கொடித்துணி பறப்பதுபோல ஓடிக்கொண்டே இருக்கின்றன. எண்ணவே முடியவில்லை.

சுவரை இன்னும் தூரமாக்கலாமா, இல்லை பட்டைகளையே எப்படியாவது நிறுத்தலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலக்காட்டுக்காற்று · பதிவு 2

தம்பி, முதலில் பாராட்டு. நான் கொழிஞ்சாம்பாறை. எங்கள் ஊரில் தறி இல்லை, காற்று இருக்கிறது. கணவாய்க் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் மாடியில் வைத்த எந்தக் கருவியும் சும்மா இருக்காது. உங்கள் கஷ்டம் புரிகிறது.

என் யோசனை எளிது. 5 மீட்டரை 20 மீட்டர் ஆக்குங்கள். எதிரெதிரே இரண்டு கண்ணாடி வைத்து லேசரை இரண்டு தடவை போய்வர விட்டால் அறைக்குள்ளேயே 20 மீட்டர் கிடைக்கும். 0.38 மிமீ ஒன்றரை மிமீ ஆகிவிடும், அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இவ்வளவு நுட்பமான பட்டை வேலை எதற்கு?

சித்தூர்_வாத்தியார் · பதிவு 3

பாலக்காட்டு நண்பர் நல்ல எண்ணத்தோடு சொல்கிறார். நானும் பல வருடம் மாணவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனாலேயே இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1 மிமீ அகலமுள்ள லேசர் கற்றை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் போகப் போக விரியும். அது விளிம்பு விளைவு. விரியும் கோணம் ஏறக்குறைய அலைநீளத்தைக் கற்றையின் அகலத்தால் வகுத்தால் வருவது. சிவப்பு ஹீலியம்-நியான் லேசருக்கு 632.8 நானோமீட்டரை 1 மிமீ-ஆல் வகுத்தால் சுமார் 0.63 மில்லிரேடியன். 20 மீட்டரில் புள்ளி 12, 13 மிமீ ஆகிவிடும். நகர்வும் நாலு மடங்கு, புள்ளியும் ஏறக்குறைய நாலு மடங்கு. விகிதம் அப்படியே இருக்கிறது. தூரம் கண்ணுக்கு வசதி தரும், நுட்பம் தராது.

நுட்பம் தருவது கற்றையின் அகலம். 1 மிமீ கற்றைக்குப் பதில் 10 செமீ கற்றை இருந்தால் விரிவு நூறில் ஒன்றாகிவிடும். ஆனால் 10 செமீ கற்றை வாங்க 10 செமீ கண்ணாடி வேண்டும். 10 கிராம் குண்டு தொங்குகிற குச்சியில் அதை எப்படி மாட்டுவது?

இங்கேதான் மைக்கல்சனின் மூளையைப் பார்க்க வேண்டும். 1920 டிசம்பரில் மவுண்ட் வில்சனில் அவரும் பீஸும் திருவாதிரை நட்சத்திரத்தின் கோண அகலத்தை அளந்தார்கள். அங்கே இருந்தது 100 அங்குலத் தொலைநோக்கி. அது போதாது. 6 மீட்டர் அகலத்துக்குத் தொலைநோக்கி செய்ய அன்று யாராலும் முடியாது. அவர்கள் என்ன செய்தார்கள்? தொலைநோக்கியின் தலையில் 20 அடி இரும்பு உத்தரம் ஒன்றைக் குறுக்கே வைத்து, இரண்டு ஓரத்திலும் சின்னக் கண்ணாடி வைத்தார்கள். இரண்டு ஓரத்து ஒளியையும் சேர்த்துப் பட்டை பார்த்தார்கள். 0.047 வினாடிக் கோணம் கிடைத்தது (ஒரு வினாடி என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு). பெரிய கண்ணாடியின் நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு ஓரத்தை மட்டும் வைத்துக்கொண்டது போல.

தம்பி, உங்கள் குச்சியும் அதே உத்தரம்தான். இரண்டு முனையிலும் பிரதிபலிப்பான் வையுங்கள். 10 செமீ அகலக் கண்ணாடி உங்களுக்கு 5 கிராம் எடையில் கிடைத்துவிடும்.

நகரிப்பையன் · பதிவு 4

சார், இது எனக்குத் தோன்றவே இல்லை. குறுக்கீட்டுமானி என்றால் ஒரு கண்ணாடி அசையும், இன்னொன்று நிலையாக இருக்க வேண்டும் என்று பாடத்தில் படித்த படமே மனதில் நின்றுவிட்டது. இரண்டும் குச்சியிலேயே இருந்தால் எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

ஸ்ரீசிட்டி_அளவகம் · பதிவு 5

இதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி, எனக்குத் தினமும் இதே வேலை. தடா பக்கம் ஒரு தொழிற்சாலையின் அளவகத்தில் இருக்கிறேன். இயந்திரத்தின் மேசை நகரும்போது எவ்வளவு தலையாட்டுகிறது என்று லேசரால் அளப்போம். அதற்கென்றே வரும் கருவியில் கார்னர் கியூப் என்ற மூலை வடிவப் பிரதிபலிப்பான்கள் இரண்டு ஒரே சட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

ஒரு முனையை மற்ற முனையோடு ஒப்பிடுகிறீர்கள். குச்சி முழுதாக முன்னே வந்தால் இரண்டு பாதையும் ஒரே அளவு குறையும், பட்டை அசையாது. பின்னே போனாலும் அப்படியே. குச்சி திரும்பினால் மட்டும் ஒரு பாதை நீளும், மறு பாதை குறையும். பாதை வேறுபாடு இரண்டு கியூபுக்கும் நடுவே உள்ள தூரம் பெருக்கல் கோணம் பெருக்கல் இரண்டு. உங்களுக்கு 10 செமீ இடைவெளி. அப்படியானால் ஒரு பட்டை நகர்ந்தால் 3.16 மைக்ரோரேடியன். 38-க்கு 12 பட்டை வரும். இடைவெளி 32.6 மிமீ இருந்தால் ஒரு வினாடிக் கோணத்துக்கு அரைப் பட்டை என்று கணக்கு சுலபமாக வரும், ஆனால் உங்களுக்கு அகலம்தான் முக்கியம், 10 செமீயையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு உங்கள் பட்டை ஓடுவதற்குக் காரணம், குச்சி தொட்டில்போல முன்னும் பின்னும் ஆடுகிறது. 30 செமீ கம்பி என்றால் அந்த ஆட்டம் நொடிக்கு ஒருமுறை அளவில் இருக்கும். ஒரு முனையில் மட்டும் கண்ணாடி வைத்தால் அந்த ஆட்டமெல்லாம் கோணம் மாதிரியே தெரியும்.

சாதாரணச் சமதளக் கண்ணாடி வேண்டாம், கார்னர் கியூப்தான் வேண்டும். சமதளக் கண்ணாடி திரும்பினால் கற்றையும் இரண்டு மடங்கு திரும்பும், இரண்டு கற்றையும் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பட்டையே காணாமல் போகும். கார்னர் கியூப் எப்படித் திரும்பினாலும் கற்றையை வந்த திசைக்கே இணையாக அனுப்பும். அரை அங்குலக் கியூப் சில கிராம்தான். அதன் எடையைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

இரண்டு பாதையையும் மிமீ அளவுக்கு ஒரே நீளமாக வையுங்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். சேர்ந்த முதல் வருடம் ஒரு மேசையை அளக்கும்போது ஒரே இடத்தில் நிற்கிற மேசை மெதுவாகத் திரும்புவதாகக் கருவி காட்டியது. காலையில் ஒரு பக்கம், மதியம் இன்னொரு பக்கம். இயந்திரம் கெட்டுவிட்டது என்று அறிக்கையே எழுதிவிட்டேன். கடைசியில் பார்த்தால் ஒரு பாதை மட்டும் ஏசி காற்று இறங்கும் இடத்துக்குக் கீழே போகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறும். ஒரு பாதை 10 செமீ கூடுதலாக இருந்தால் அதிலேயே கால் பட்டைக்கு மேல் ஓடிவிடும். பாதைகள் சமமாக இருந்து, மேலே தெர்மாகோல் பெட்டி கவிழ்த்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கும். விலை குறைந்த லேசரின் அலைநீளம் கொஞ்சம் அலைபாய்ந்தாலும் சமப் பாதையில் அது தெரியாது.

கையை உள்ளே விட்டபிறகு அரைமணி நேரமாவது காத்திருங்கள். உள்ளங்கைச் சூடு போதும், பட்டை ஓட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று. வெளிச்சத்தை மின்சிக்னலாக மாற்றும் போட்டோடயோடு ஒன்று மட்டும் வைத்தால் பட்டை எந்தத் திசையில் போகிறது என்று தெரியாது. கால் பட்டை தள்ளி இன்னொன்று வையுங்கள். இரண்டில் எது முந்துகிறது என்பதே திசை.

பாலக்காட்டுக்காற்று · பதிவு 6

வாத்தியார் சொன்ன திருவாதிரைக் கணக்கை இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். தூரத்தை வைத்து நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். நன்றி.

ஒரு சந்தேகம். அமெரிக்காவில் ரோசெஸ்டரில் 400 பெம்டோரேடியன் வரை ஒரு கண்ணாடியின் திருப்பத்தை அளந்தார்கள் என்று படித்த ஞாபகம். பெம்டோ என்றால் மைக்ரோவைவிட நூறு கோடி மடங்கு சின்னது. அவர்கள் கருவியின் அகலம் என்ன, ஊரளவா இருந்தது?

குமுளி_ஏலம் · பதிவு 7

அண்ணா, நான் குமுளியில் பிறந்து வளர்ந்தவள், இப்போது ஒளியியலில் ஆராய்ச்சி மாணவி. அந்தக் கட்டுரை எங்கள் குழுவில் எல்லாரும் விரும்பிப் படிக்கிற ஒன்று.

2009-ல் டிக்ஸன், ஸ்டார்லிங், ஜோர்டன், ஹவல் என்ற நால்வர் வெளியிட்டது. 400 பெம்டோரேடியன், கூடக்குறைய 200. நினைத்துப் பார்க்க வேண்டுமானால், ஒரு தலைமுடியின் தடிப்பை 1,75,000 கிலோமீட்டர் தள்ளியிருந்து பார்த்தால் வருகிற கோணம். நிலாவுக்குப் போகிற வழியில் பாதித் தூரம். ஆனால் கருவி ஒரு மேசைமேல் அடங்குவதுதான்.

அவர்கள் அமைப்பு சாக்னக் வகை. ஒரே சுற்றுப்பாதையில் ஒளி வலமாகவும் இடமாகவும் போய் மறுபடி சேரும். இரண்டும் அதே கண்ணாடிகளைத் தொட்டு வருவதால் நடுக்கம் இரண்டுக்கும் பொது. சேருமிடத்தில் ஏறக்குறைய முழு இருட்டாகும்படி வைத்திருப்பார்கள். அந்த இருட்டு வாசல் வழியாகக் கொஞ்சம் ஒளி மட்டும் கசியும். சுற்றில் உள்ள கண்ணாடி துளி திரும்பினால், அந்தக் கசிவுப் புள்ளி சாதாரணமாக நகர வேண்டியதைவிட நூறு மடங்குக்கு மேல் நகரும். அஹரோனவ், ஆல்பர்ட், வைட்மன் 1988-ல் சொன்ன பலவீன அளவீட்டுக் கருத்திலிருந்து வந்தது இது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நூறு மடங்கு நகர்கிறது, ஆனால் பெரும்பங்கு ஒளி வேறு வாசல் வழியாகப் போய்விடுகிறது. ஒளித்துகள் குறையக் குறைய எண்ணிக்கையின் இயல்பான தடுமாற்றம் ஏறும். இரண்டும் சேர்ந்து கடைசி எல்லை நல்ல ஒளி நெம்புகோலின், அதாவது தம்பி முதலில் செய்த கண்ணாடி-சுவர் முறையின், எல்லையேதான். 1 மில்லிவாட் சிவப்பு லேசரில் நொடிக்குச் சுமார் 3,200 லட்சம் கோடி ஒளித்துகள். அதன் வர்க்கமூலம் 5 கோடியே 60 லட்சம். வாத்தியார் சொன்ன 0.63 மில்லிரேடியனை அதால் வகுங்கள். 1 மிமீ கற்றையிலேயே ஒரு நொடியில் பத்து பிகோரேடியன் (பிகோ என்பது ஆயிரம் பெம்டோ) அளவு வரை பார்க்க இயற்கை அனுமதிக்கிறது. சாதாரண லேசர் ஒளியில் எந்த முறையும் அந்த வேலியைத் தாண்டாது, ஒளியையோ நேரத்தையோ கூட்டினால்தான் வேலி தள்ளிப்போகும். குறுக்கீடு செய்கிற உதவி வேறு. நடுக்கம், மின்சுற்று இரைச்சல், டிடெக்டர் திணறுவது, இவையெல்லாம் நம்மை அந்த வேலிக்குப் பக்கத்திலேயே போகவிடாமல் தடுக்கின்றன. குறுக்கீடு இந்தத் தடைகளைக் குறைக்கிறது. ரோசெஸ்டரிலும் கண்ணாடியைத் தெரிந்த அதிர்வெண்ணில் ஆட்டி, அந்த அதிர்வெண்ணை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்டார்கள். ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற கண்ணாடியை அப்படி அளக்க முடியாது.

நகரித் தம்பியின் 38 மைக்ரோரேடியனுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஸ்ரீசிட்டி அக்கா சொன்னபடி செய்தால் வந்துவிடும். 2015 டிசம்பரில் போன லிசா பாத்ஃபைண்டர் விண்கலத்திலும் மிதக்கும் கட்டியின் திருப்பத்தை இதே கொள்கையில்தான் பார்த்தார்கள். கற்றையின் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் நடுவே உள்ள கட்ட வேறுபாடு, அதாவது ஒன்றின் அலை மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது என்பது. எங்கே போனாலும் இரண்டு ஓரத்தை ஒப்பிடுவதுதான்.

நகரிப்பையன் · பதிவு 8

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கார்னர் கியூப் வர நாளாயிற்று.

மாற்றிவிட்டேன். இரண்டு முனையிலும் கியூப், அதன் எடைக்கு ஈடாக ஈயத்தைக் குறைத்தேன், இரண்டு பாதையும் 1 மிமீக்குள் சமம், மேலே தெர்மாகோல் பெட்டி. முதல்முறை லேசரைப் போட்டதும் நான் கண்டதை எழுத வார்த்தை வரவில்லை. ஓடிக்கொண்டிருந்த பட்டைகள் நின்றன. முழுக்க நிற்கவில்லை, நின்ற இடத்திலேயே மெல்லத் துடித்தன, பட்டையின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு. பக்கத்து ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே!

போட்டோடயோடு சிக்னலை லேப்டாப்பின் மைக் துளையில் கொடுத்து ஸ்பீக்கரில் கேட்டேன். தடக் தடக் என்று தறி கேட்கிறது. கூட்ஸ் வண்டி போகும்போது நெல் கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல் ஏறி இறங்குகிறது. தெருவில் நடக்கிற அத்தனையும் அந்த வெளிச்சத்துக்குள் இருக்கிறது.

இப்போது பிரச்சினை வேறு. அர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் நொடிக்கு ஒரு சராசரி எடுத்துப் பதிவு செய்கிறேன். அதில் 20 நொடிக்கு ஒருமுறை ஒரு ஏற்ற இறக்கம் வருகிறது. குச்சியின் அலைவு 28 நொடி, அது தனியாகத் தெரிகிறது. இந்த 20 நொடி எங்கிருந்து வருகிறது? டியூபில் காற்றை மாற்றிப் பார்த்தேன், பெட்டியை எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. இரவு 11-க்கு மேல் மட்டும் காணவில்லை.

பாவுநூல் · பதிவு 9

தம்பிக்கு, ஏகாம்பரகுப்பத்திலிருந்து எழுதுகிறேன். முப்பது வருடமாகத் தறிதான். உங்கள் ரேடியன் கணக்கு எனக்குத் தெரியாது, ஆனால் 20 நொடி என்றதும் ஒன்று தோன்றியது.

நாடா போட்ட தறி நிமிடத்துக்கு 120-லிருந்து 140 பிக் ஓடும் (ஊடு நூல் ஒருமுறை குறுக்கே போவது ஒரு பிக்). ஒவ்வொரு பிக்குக்கும் அச்சு முன்னால் வந்து ஊடு நூலை அடிக்கும், தரை அதிர்வது அந்த அடியில்தான். ஒரே ஷெட்டில் இருக்கிற தறிகளும் ஒரே வேகத்தில் ஓடாது. பெல்ட் ஒன்றில் இறுக்கம், ஒன்றில் தொய்வு. ஒன்று 128 ஓடினால் பக்கத்தது 131 ஓடும். கொஞ்ச நேரம் இரண்டும் சேர்ந்து அடிக்கும், அப்போது காலடியில் தனியாகத் தெரியும். அப்புறம் விலகி ஒன்று மாற்றி ஒன்று அடிக்கும், அதிர்வு அடங்கிவிடும். மறுபடி சேரும். மூன்று பிக் வித்தியாசம் என்றால் நிமிடத்துக்கு மூன்று தடவை சேரும். அது இருபது நொடி.

எந்தத் தறி என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லிப் பாருங்கள்.

சித்தூர்_வாத்தியார் · பதிவு 10

பாவுநூல் ஐயா, உங்கள் பதிலை என் மாணவர்களுக்குப் படித்துக்காட்டப் போகிறேன். விம்மல் என்று பாடத்தில் ஒரு பக்கம் நடத்துவோம், அதை நீங்கள் காலடியில் உணர்ந்து சொல்லிவிட்டீர்கள்.

தம்பிக்கு ஒரு விளக்கம் மீதி இருக்கிறது. விம்மலில் 20 நொடிக்கு ஒருமுறை அதிர்வின் வீச்சு கூடிக் குறைகிறதே தவிர, 20 நொடி அலைவு என்று எதுவும் உண்மையில் குச்சியில் இல்லை. சராசரி எடுத்தால் அது பூஜ்யமாகப் போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை? நீங்கள் சராசரி எடுப்பது கோணத்தை அல்ல, வெளிச்சத்தை. வெளிச்சம் கோணத்தோடு நேர்கோட்டில் போவதில்லை, கொசைன்போல வளைந்து போகிறது. துடிப்பு பெரிதாகும்போது பட்டையின் கறுப்பும் வெளுப்பும் கலந்து மங்கும், சராசரி வெளிச்சம் மாறும். அந்த மங்கல்தான் உங்களுக்குத் திருப்பமாகத் தெரிகிறது.

மருந்து சுலபம். நொடிக்கு 500 தடவை பதிவு செய்யுங்கள். இரண்டு போட்டோடயோடையும் சேர்த்து ஒவ்வொரு பதிவையும் முதலில் கோணமாக மாற்றுங்கள், அப்புறம் சராசரி எடுங்கள். வரிசை மாறக் கூடாது.

குண்டுகளை மாற்றி அளக்கும்போது இன்னொரு திருத்தம். ஒவ்வொரு பெரிய குண்டும் எதிர்முனைச் சின்னக் குண்டையும் கொஞ்சம் எதிர்த்திசையில் இழுக்கும். உங்கள் அளவுக்கு அது சுமார் 7 சதவீதம். 12 பட்டை எதிர்பார்த்தால் 11-ஐ ஒட்டி வரும்.

மைக்கல்சனுக்கும் இதே கதிதான் தம்பி. 1881-ல் பெர்லினில் கருவியை வைத்தார், நடு இரவு இரண்டு மணிக்குக்கூடப் பட்டை நிற்கவில்லை. போட்ஸ்டாமுக்கு எடுத்துப்போனார். அங்கேயும் நூறு மீட்டர் தள்ளி நடைபாதையில் யாராவது காலை உதைத்தால் பட்டை மறைந்தது. ஹிந்துப்பூருக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் கௌரிபிதனூரில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் முறுக்குத் தராசை நிலத்தடியில் கொண்டுபோய் வைத்ததும் இதற்காகவே.

நகரிப்பையன் · பதிவு 11

நேற்று அமாவாசை. எங்கள் தெருவில் அமாவாசைக்குத் தறி நிற்கும். படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டுப் படுத்தபிறகு, பத்து மணிக்கு ஆரம்பித்தேன்.

அவ்வளவு அமைதியை இந்த அறையில் நான் கேட்டதில்லை. ஸ்பீக்கரில் ஒரு சீரான இரைச்சல் மட்டும். குச்சியின் 28 நொடி அலைவு திரையில் கோலம் போட்ட மாதிரி வழுவழுப்பாக வந்தது.

பெரிய குண்டுகளை ஒரு சுழல் மேடையில் வைத்து, நூல் கட்டி அறைக்கு வெளியே நின்று இழுத்து மாற்றினேன். கேவண்டிஷும் அறையைப் பூட்டிவிட்டு வெளியிலிருந்துதான் குண்டுகளை நகர்த்தி, தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு பத்து அலைவு விட்டுச் சராசரி. விடிகிற வரை ஒன்பது தடவை மாற்றினேன். குறைந்தது 10¾ பட்டை, அதிகம் 11¾, சராசரி 11¼.

மூன்றாவது தடவையில் வெறும் சுழல் மேடையைத் திருப்பிப் பார்த்தேன், குண்டில்லாமல். பட்டை கால் பங்குகூட நகரவில்லை. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. இந்த ஈயம் அந்த ஈயத்தை இழுக்கிறது. நடுவில் தகரத் தடுப்பு, காற்றுகூடப் போக வழியில்லை. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். பட்டை ஒவ்வொன்றாக நகர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா ராத்திரி முழுக்க முழிச்சிருந்த?" என்று கேட்டு, காபி போட்டுக் கொடுத்தார்.

இன்று காலை தறி ஓட ஆரம்பித்ததும் வாத்தியார் சொன்ன வரிசையில் கணக்கை மாற்றி மறுபடி அளந்தேன். 20 நொடி ஏற்ற இறக்கம் போயே போய்விட்டது. சிதறல் கொஞ்சம் அதிகம், ஆனால் தறி ஓடும்போதே 11-ஐச் சுற்றித்தான் வருகிறது. அந்தத் தறிகள் எங்கள் பெரியப்பா ஷெட்டில் நாலாவதும் ஐந்தாவதும். ஐந்தாவதில் பெல்ட் தொய்வு.

பாலக்காட்டுக்காற்று · பதிவு 12

தம்பி, கண் கலங்கிவிட்டது. ஒரு கேள்வி: அமாவாசையில் சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் இழுக்கும், கடல் மட்டுமல்ல நிலமும் கொஞ்சம் ஏறி இறங்கும் என்கிறார்களே. அன்று இரவு பதிவில் அது தெரிந்ததா?

சித்தூர்_வாத்தியார் · பதிவு 13

தெரியாது, தெரியவும் கூடாது. நிலம் சாய்வதால் குச்சி முழுதாக ஒரு பக்கம் நகரும், இரண்டு பாதையும் சேர்ந்து மாறும், கழிந்துவிடும். தறியைக் கழித்த அதே ஏற்பாடு நிலவையும் கழித்துவிடுகிறது.

நிலச்சாய்வு வேண்டுமானால் கருவி வேறு. மைக்கல்சனும் கேலும் யெர்க்ஸ் ஆய்வகத்தில் 500 அடிக் குழாயை மண்ணில் புதைத்து, பாதி தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் நீர்மட்டத்தைப் பட்டைகளால் அளந்தார்கள். 1919-ல் முடிவு வெளிவந்தது, பூமி எஃகு போல விறைப்பானது என்று அதிலிருந்து தெரிந்தது. அங்கேயும் அகலமே கருவி. சாய்வு நூறு நானோரேடியன் அளவுதான். 12 மீட்டர் குழாய் என்றால் இரு முனை நீர்மட்டத்துக்கும் நடுவே வித்தியாசம் 1.2 மைக்ரான், ஏறக்குறைய நாலு பட்டை. ஆனால் வெயிலிலிருந்து மறைக்க வேண்டும். சூரியனின் 12 மணியையும் சந்திரனின் 12 மணி 25 நிமிடத்தையும் பிரிக்கப் பல வாரப் பதிவு வேண்டும்.

பாவுநூல் · பதிவு 14

வாத்தியார் ஐயா 12 மீட்டர் என்றால் நாற்பது அடி. எங்கள் பழைய தறி ஷெட்டு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் பின்சுவரை ஒட்டி நாற்பத்தைந்து அடி இருக்கும், முழுக்கப் புளியமர நிழல், பக்கத்தில் ஓடுகிற தறியும் இல்லை. மழை ஆரம்பிக்கிறதுக்குள் பள்ளம் தோண்டினால் மண் சேறாகாமல் இருக்கும். தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து அளந்து பார்க்கட்டும், சாவி என்னிடம்தான் இருக்கிறது.

நகரிப்பையன் · பதிவு 15

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருகிறேன் ஐயா. டேப்பும் மட்டக்குழாயும் கொண்டு வருகிறேன். எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று வாத்தியார் சொன்னால் ஆளையும் கூட்டி வந்துவிடுவேன்.

சித்தூர்_வாத்தியார் · பதிவு 16

அவர்கள் 6 அடி தோண்டினார்கள். நீங்கள் முதலில் 3 அடி தோண்டி, ஒரு வெப்பமானியைப் புதைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். நானும் ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன்.